11 ஆண்டுகள் வாசித்த ஆர்ச்டாப் கிட்டாரை ரசிகர்களிடமே விற்ற அனுபவம்

கிப்சன் என்ற அமெரிக்கக் கிட்டார் நிறுவனத்தின் எல்-7 என்னும் ஆர்ச்டாப் (மேற்பலகை வயலின்போல் வளைந்த) கிட்டார் ஒன்றை 11 ஆண்டுகள் வைத்திருந்து வாசித்தபின் கடந்த ஆண்டு விற்றேன். அது 1940களின் பிற்பகுதியில் செய்யப்பட்டது. மேற்பலகை செதுக்கிய ஸ்ப்ரூஸ் மரம், முதுகும் பக்கங்களும் மேப்பிள் மரம், உடலின் அகலம் 17 அங்குலம். கட்அவே (விரல் எட்டுவதற்காகக் கழுத்தருகே உடலில் வெட்டும் வளைவு) இல்லாத பழைய வடிவம். மின்னிணைப்புக்கென எந்த ஏற்பாடும் இல்லாமல் பிறந்தது. பழைய இசைக்கருவிகளை வாங்கி விற்பவரிடம் கொடுத்திருந்தால் ஒரே நாளில் வேலை முடிந்திருக்கும். இவ்வகைக் கிட்டாரை அறிந்து விரும்புகிறவர்களிடம் நேரடியாக விற்பது என்று முடிவெடுத்ததால் 4 மாதங்கள் ஆயின. அந்த மாதங்களில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் பாதிக்கு, 11 ஆண்டுகள் வாசித்தும் எனக்கு விடை தெரிந்திருக்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் கருவியைப் பற்றி. சாதாரணத் தட்டைப் பலகைக் கிட்டாரில், பலகையோடு ஒட்டப்பட்ட பிரிட்ஜை (கம்பிகளைத் தாங்கும் துண்டு) கம்பிகள் இழுத்துக்கொண்டிருக்கும். ஆர்ச்டாப்பில் கம்பிகள் உடலின் அடிவிளிம்பிலுள்ள டெயில்பீஸில் (கம்பிகளின் நுனியைப் பிடித்திருக்கும் பாகம்) தொடங்கி, ஒட்டப்படாமல் நிற்கும் பிரிட்ஜின் மீது ஏறி இறங்குவதால், அதைக் கீழ்நோக்கி அழுத்துகின்றன. வயலினின் அமைப்பும் இதுதான். 1922இல் வடிவமைப்பாளர் லாய்ட் லோர் கிப்சனில் இருந்தபோது வெளிவந்த எல்-5 கிட்டார், வயலினிலிருந்து எஃப் வடிவத் துளைகளையும் எடுத்துக்கொண்டது. அடுத்த 20 ஆண்டுகளில் நடன இசைக்குழுக்களில் பாஞ்சோ இருந்த இடத்தை இந்த வகைக் கிட்டார் பிடித்துக்கொண்டது. டிரம்பெட், டிராம்போன் வரிசைகளுக்கு நடுவே கேட்க வேண்டும் என்பதற்காக உருவான ஒலி இது: சட்டென்று எழும், விரைவில் அடங்கும். கவுண்ட் பேசியின் ஜாஸ் குழுவில் 1937 முதல் 1987இல் தாம் இறக்கும்வரை தாளக் கிட்டார் வாசித்த ஃப்ரெடி கிரீனைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கேட்காதவர்கள் என் கிட்டாரை மடியில் வைத்து விரல்களால் மெல்ல மீட்டிவிட்டு, "ஒலி நிலைக்கவில்லையே" என்பார்கள். ஆண்டுக்கணக்கில் விருந்தினர்களிடம் இதைக் கேட்டுச் சலித்ததுதான், தெரிந்தவர்களிடமே விற்க வேண்டும் என்ற பிடிவாதத்துக்கு முதல் காரணம்.

விற்பனைக்காக நான் எழுதிய முதல் விவரக்குறிப்பில் ஒரு தவறு இருந்தது. "அனைத்தும் அசல்" என்று எழுதியிருந்தேன். எனக்கு விற்றவர் அப்படித்தான் சொல்லியிருந்தார், நானும் நம்பியிருந்தேன். தலைப்பகுதியின் பின்புறத்தைக் காட்டும் படத்தைப் பார்த்த ஒருவர், ட்யூனர்களின் (சுருதி சேர்க்கும் முறுக்காணிகளின்) தகட்டை ஒட்டி அடைக்கப்பட்ட திருகுத் துளை ஒன்று தெரிவதை அன்று மாலையே சுட்டிக்காட்டினார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். துளை இருந்தது, அதைச் சுற்றி, முன்பு வேறு வடிவத் தகடு ஒன்று இருந்ததற்கான நிழலும் லாக்கர் பூச்சில் பதிந்திருந்தது. என் கண்ணெதிரே 11 ஆண்டுகள் இருந்த நிழல் அது! வெட்கத்தோடு குறிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, கிட்டாரைப் புதிதாக வாங்க வந்தவன்போல ஒரு வாரம் சோதித்தேன்.

அந்த ஒரு வாரத்தைத்தான் இந்த அனுபவத்தின் பயனுள்ள பகுதியாகக் கருதுகிறேன். எஃப்-துளை வழியாகச் சிறு விளக்கையும் பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற கண்ணாடியையும் நுழைத்து, மேற்பலகையின் அடியில் ஓடும் இரண்டு தாங்கு சட்டங்களையும் முழு நீளத்துக்குப் பார்த்தேன். ஒன்றின் நுனி பலகையை விட்டு மயிரிழை அளவுக்கு விலகியிருந்தது. குறிப்பிட்ட ஒரு ஸ்வரத்தில் மட்டும் கேட்டுவந்த மெல்லிய அதிர்வொலிக்குக் காரணம் கிடைத்தது. அதுவரை டெயில்பீஸைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். இருட்டறையில் புறஊதா விளக்கை ஏற்றிப் பார்த்தபோது, வயதான நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிர, கழுத்தின் பின்புறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓரிடம் மட்டும் கருமையாக நின்றது. யாரோ எப்போதோ அங்கே புதுப்பூச்சு கொடுத்திருக்கிறார்கள். ஃபிரெட் பலகையின் (உலோகக் கோடுகள் பதித்த, விரல்கள் அழுத்தும் பலகை) மேல் நேர்கோல் வைத்து, கோலின் முனை பிரிட்ஜின் எந்த உயரத்தைத் தொடுகிறது என்று அளந்தேன். பிரிட்ஜைத் தாழ்த்தும் திருகுச் சக்கரங்களுக்கு இன்னும் எவ்வளவு இடம் மீதமிருக்கிறது என்றும் குறித்தேன். சக்கரங்கள் அடிவரை இறங்கிய பிறகும் கம்பிகள் உயரமாகவே நின்றால், கழுத்தைக் கழற்றிக் கோணம் திருத்தி மீண்டும் ஒட்ட வேண்டிய காலம் வந்துவிட்டது என்று பொருள். அது செலவு பிடிக்கும் வேலை என்பதால், தெரிந்து வாங்குபவர்கள் விலைக்கு முன்பே இதைத்தான் கேட்கிறார்கள்.

இதற்கும் முந்தைய கேள்வி ஒன்று உண்டு: "துளை போட்டிருக்கிறார்களா?" 1950களிலும் 60களிலும் பல அருமையான ஆர்ச்டாப்களின் மேற்பலகையை அறுத்துப் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்குறியாக மாற்றும் கருவி) பொருத்தியிருக்கிறார்கள். செதுக்கிய பலகையில் ஒருமுறை அறுத்தால் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வழியில்லை. நான் பயன்படுத்தியது டிஅர்மண்ட் வகை மிதக்கும் பிக்கப். ஒரு தண்டில் கோத்துக் கம்பிகளுக்கடியில் நிற்குமே தவிர, மரத்தைத் தொடாது. வாங்கிய நாளில் அவசரப்பட்டு வேறு ஏற்பாடு எதையும் செய்யாமல் விட்டதற்கு நானே என்னைப் பாராட்டிக்கொண்ட ஒரே தருணம் இதுதான்.

மீட்டும்போது மேற்பலகை கீறாமல் காக்கும் தகடான பிக்கார்டு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது செய்யப்பட்ட அக்காலத்துச் செல்லுலாய்டு, செல்லுலோஸ் நைட்ரேட்டும் கற்பூரமும் சேர்ந்தது. முதுமையில் அது தானாகவே சிதையத் தொடங்கி, அமிலத்தன்மையுள்ள வாயுவை வெளியிடும். நான் வாங்கிய ஏழாம் ஆண்டில் பிக்கார்டின் ஓரம் சுருங்கி வெடித்தது. அதற்கு நேர்மேலே ஓடிய கம்பிகள் மட்டும் வாரத்துக்குள் துருப்பிடித்தன, டெயில்பீஸின் ஒரு பக்கம் பச்சை பூத்தது. உடனே கழற்றிப் புதியதொன்றை மாட்டினேன். பழையதைக் காற்றோட்டமான இடத்தில் காகித உறையில் வைத்திருந்தேன். அசல் பாகம் என்பதால் எறிய மனம் வரவில்லை. கேஸுக்குள் மூடி வைத்தாலோ கிட்டாரையே கெடுத்துவிடும். இரண்டாவது விவரக்குறிப்பில், மாற்றப்பட்ட ட்யூனர்கள், கழுத்துப் பூச்சு, விலகிய சட்டம் ஆகியவற்றோடு இதையும் எழுதினேன். குறைகளின் பட்டியல் நிறைகளைவிட நீளமாகிவிட்டது. விசாரிப்போர் குறைவார்கள் என்று நினைத்தேன். எண்ணிக்கையில் குறையத்தான் செய்தார்கள், ஆனால் எஞ்சியவர்கள் யாரும் பேரம் பேசுவதற்காகக் குறை தேடவில்லை.

ஒலிப்பதிவுக்கு நான் பட்ட பாடு அதிகம், பயன் குறைவு. பிக்கப்புக்காகப் போட்டிருந்த நிக்கல் கம்பிகளைக் கழற்றி வெண்கலக் கம்பிகள் மாற்றி, ஒரே மைக்கை மூன்று இடங்களில் வைத்துப் பதிந்து அனுப்பினேன். வாங்கியவர் ஒன்றைக்கூட முழுதாகக் கேட்கவில்லை என்று பின்னர் சொன்னார்.

வெளிநாட்டிலிருந்து ஒரு சேகரிப்பாளர் நல்ல விலை சொன்னார். மறுக்க வேண்டியதாயிற்று. ஃபிரெட் பலகை ரோஸ்வுட். அக்காலத்து அமெரிக்கக் கருவிகளில் அது பெரும்பாலும் பிரேசில் ரோஸ்வுட்டாகவே இருக்கும். அந்த மரம் 1992 முதல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. முடிவுற்ற இசைக்கருவிகளுக்கு 2019இல் வந்த தளர்வு மற்ற ரோஸ்வுட் வகைகளுக்குத்தான். இந்த மரத்துக்கு அது பொருந்தாது. கட்டுப்பாட்டுக்கு முந்தையது என்று சான்று பெற்று அனுப்பலாம். அதற்குரிய ஆவணங்களைத் திரட்டும் பொறுமை என்னிடம் இல்லை. ஆவணமின்றி அனுப்பிச் சுங்கத்தில் கருவி பறிமுதலாகும் அபாயத்தை ஏற்கும் துணிச்சலும் இல்லை. உள்நாட்டில் விசாரித்த இன்னொருவர், பத்து நிமிடப் பேச்சுக்குள் மூன்று முறை "உடனே பணம்" என்றார். ரசிகர் வேடத்தில் வந்த வியாபாரி என்று புரிந்துகொண்டேன். வியாபாரம் செய்வது குற்றமில்லை. அதை மறைத்ததுதான் பிடிக்கவில்லை.

வாங்கியவர் ஒரு சிறு ஸ்விங் (நடனத்துக்கான ஜாஸ்) குழுவில் தாளம் வாசிப்பவர். கேட்ட கேள்விகள் நான்குதான்: துளை, கழுத்துக் கோணம், விலகிய சட்டம், ஃபிரெட்டுகளில் எஞ்சிய உயரம். கடைசியதை நான் அளந்திருக்கவில்லை, அளந்து சொன்னேன். கருவி கையில் கிடைத்த பின் 48 மணி நேரம் வைத்துப் பார்த்து, வேண்டாமெனில் அனுப்பும் செலவை அவரே ஏற்றுத் திருப்பித் தரலாம் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டோம். விலையில் சட்டத்தை ஒட்டும் கூலியை மட்டும் கழித்தேன்.

அனுப்புவதுதான் உண்மையான பயம். ஆர்ச்டாப்பில் கம்பிகளை முழுவதும் தளர்த்தினால் பிரிட்ஜ் விழுந்துவிடும். தளர்த்தாமல் விட்டால், பெட்டி கீழே விழும்போது பின்னோக்கிச் சாய்ந்த தலைப்பகுதி முறியக்கூடும். ஆகவே கம்பிகளை ஓரிரு ஸ்வரங்கள் இறக்கி, டெயில்பீஸுக்கடியில் மென்துணி மடித்து வைத்து, பிரிட்ஜின் இரு கால்களும் எஃப்-துளைகளின் உள்விளிம்பிலிருந்து எவ்வளவு தொலைவில் நின்றன என்பதை மில்லிமீட்டரில் எழுதிக் கேஸுக்குள் வைத்தேன். கழுத்துக்கடியில் நுரைத்துண்டு கொடுத்து, தலைப்பகுதி எதையும் தொடாதபடி விட்டு, கேஸை ஒரு பெட்டியிலும் அதை இன்னொரு பெட்டியிலும் அடக்கினேன். பழைய பிக்கார்டு தனிப் பொதியாகச் சென்றது. பெட்டி வந்ததும் ஒரு நாள் திறக்க வேண்டாம் என்றும் எழுதியிருந்தேன். குளிர்ந்த லாக்கர் திடீரெனச் சூடானால் வலை வலையாக வெடிக்கும். இவ்வளவுக்குப் பிறகும் வெளிப்பெட்டியின் ஒரு மூலை நசுங்கித்தான் போய்ச் சேர்ந்தது. உள்ளே ஒன்றும் ஆகவில்லை.

48 மணி நேரம் முடியும் முன்பே, வைத்துக்கொள்கிறேன் என்று செய்தி வந்தது. ஒரு மாதம் கழித்து மீண்டும் எழுதினார்: சட்டத்தை ஒட்டியாயிற்று, அதிர்வொலி போய்விட்டது, பிரிட்ஜை 2 மில்லிமீட்டர் பின்னுக்கு நகர்த்திய பிறகு மேல் ஃபிரெட்டுகளில் சுருதி சரியாக நிற்கிறது. அதாவது, நான் அத்தனை கவனமாக எழுதி அனுப்பிய அளவே தவறு; அத்தனை ஆண்டுகளும் சற்றே பிசகிய சுருதியில் வாசித்திருக்கிறேன். கம்பிகள் 13 அளவிலேயே இருக்கட்டும் என்று நான் கேட்டுக்கொண்டிருந்ததையும் அவர் பொருட்படுத்தவில்லை; அதைவிட மெல்லிய 12 அளவை மாட்டிவிட்டாராம்.