ஞாயிற்றுக்கிழமைக் காலை: ஆப்பமா, குழிப்பணியாரமா?

வீட்டில் எல்லோரும் அவசரமில்லாமல் உட்கார்ந்து சாப்பிடும் காலை வாரத்தில் ஒன்றுதான் கிடைக்கிறது. அன்றைக்கும் இட்லி, தோசை என்றால் பிள்ளைகளின் முகம் வாடிவிடுகிறது. பூரி என்றால் பெரியவர்களின் வயிறு ஒத்துழைப்பதில்லை. காரமாக ஒன்று, இனிப்பாக ஒன்று, இரண்டும் ஒரே மாவில் முடிய வேண்டும் என்று தேடினால் கடைசியில் நிற்பவை ஆப்பமும் குழிப்பணியாரமும்தான். இடியாப்பத்தையும் சேர்க்கலாம். ஆனால் பிழிவதற்கென்றே ஓர் ஆள் வேண்டும் என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன். ஆப்பத்தையும் பணியாரத்தையும் மாறி மாறிச் செய்து பார்த்து, எங்கள் வீட்டில் பணியாரம் என்று முடிவாகிவிட்டது. நான் சொல்லப்போவது அந்தப் பக்கம் சாய்ந்த கணக்குதான்.

ருசியை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. நடுவில் மெத்தென்றும் ஓரத்தில் மொறுமொறுப்பாகவும் இருக்கும் ஆப்பத்துக்குத் தேங்காய்ப்பால் ஊற்றினால் வேறு பேச்சே இல்லை. தாளித்த சின்ன வெங்காயமும் தேங்காய்ப் பல்லும் கடிபடும் காரப் பணியாரத்துக்குக் காரச் சட்னி வைத்தாலும் அப்படித்தான்.

அரைக்கும் வேலையும் ஏறக்குறைய ஒன்றே. பணியாரத்துக்கு இட்லி அரிசி 1 கப், பச்சரிசி 1 கப், உளுந்து அரை கப், வெந்தயம் ஒரு டீஸ்பூன். ஆப்பத்துக்கும் அதே இரண்டு அரிசிகள்தான். உளுந்து கால் கப் போதும், அரைக்கும்போது ஒரு கைப்பிடி சோறு சேர்த்தால் மெத்தென்று வரும். இரண்டையும் 4 மணி நேரம் ஊறவைத்து, அரைத்து, ராத்திரி முழுக்கப் புளிக்க விட வேண்டும்.

சுடும் நேரத்தில் பணியாரம் வெகுவாக முந்திவிடும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை. ஆப்பம் ஒவ்வொன்றாகத்தான் சுட முடியும். மாவை ஊற்றி, சட்டியைச் சுழற்றி, மூடி எடுக்க ஒன்றுக்கு இரண்டரை நிமிடமாவது ஆகும். ஐந்து பேருக்கு ஆளுக்கு மூன்று என்றால் 15 ஆப்பம், முக்கால் மணிக்குக் கொஞ்சம் குறைவு. பணியாரம் ஏழு குழிச் சட்டியில் ஓர் ஈடு வேக, திருப்பிவிட்டு எடுக்கும் நேரத்தோடு சேர்த்து, ஆறு நிமிடம். ஆளுக்கு ஏழு என்றால் ஐந்து ஈடு, அரை மணி நேரம். இந்தப் பத்து நிமிட வித்தியாசத்துக்காக ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போகத் தேவையில்லை.

வித்தியாசம் சுட்டெடுத்த பிறகுதான் தெரிகிறது. ஆப்பம் காத்திருக்காது. சட்டியிலிருந்து நேராக இலைக்கோ தட்டுக்கோ போக வேண்டும். ஐந்து நிமிடம் மூடி வைத்தால் ஓரத்தின் மொறுமொறுப்பு போய்விடும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நடுப்பகுதி ஒட்டிக்கொள்ளும். அதனால் ஆப்பம் சுடும் வீட்டில் ஒருவர் சாப்பிடும்போது அடுத்தவர் காத்திருப்பார், சுடுகிறவர் எல்லோரும் எழுந்த பிறகு தனியாக உட்காருவார். பெரும்பாலான வீடுகளில் அந்த ஒருவர் அம்மா. எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவதற்காகவே ஒதுக்கிய காலையில் சமைப்பவர் மட்டும் அடுப்படியில் நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பணியாரத்தை அடியில் துணி விரித்த ஹாட்பாக்ஸில் போட்டுக்கொண்டே வரலாம். மேல்தோல் கொஞ்சம் இளகும், ருசி குறையாது. கடைசி ஈட்டை இறக்கிவிட்டு அவரும் வந்து உட்கார்ந்துவிடலாம்.

மாவும் அப்படித்தான். ஆப்ப மாவுக்குப் பக்குவமான நேரம் மிகக் குறுகியது. புளிப்பு போதாவிட்டால் கண் விழாது. கூடிவிட்டால் ஓரம் சிவக்காது, தேங்காய்ப்பாலோடு சேராது. கோடையில் ஒரு மணி நேரம் தாமதமாக எழுந்தாலே மாவு கைமீறிவிடும். பணியார மாவு இவ்வளவு கறார் செய்யாது. நன்றாகப் பொங்கிய அன்றே பாதியை வெல்லம் சேர்த்து இனிப்பாகவும் பாதியைத் தாளித்துக் காரமாகவும் சுடலாம். மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்தால், மூன்றாம் நாள் நன்றாகப் புளித்த நிலையில் காரப் பணியாரத்துக்கு இன்னும் பொருத்தமாக இருக்கும். வெங்காயமும் பச்சை மிளகாயும் அந்தப் புளிப்பைச் சரிக்கட்டிவிடும். தோசைக்கு ஆகாத அளவுக்குப் புளித்த இட்லி மாவும் இதே வழியில் செலவாகும். சுட்டதில் மீந்தாலும் கவலையில்லை. இனிப்புப் பணியாரம் ஆறிய பிறகு சாயங்காலம் இன்னும் ருசிக்கும், காரப் பணியாரத்தைத் தோசைக்கல்லில் ஒரு புரட்டுப் புரட்டினால் போதும். மீந்த ஆப்பம் விறைத்துப்போன பிறகு அதை யாரும் தொடுவதில்லை.

இனிப்புக்கு வருகிறேன். ஆப்பத்துக்குத் தேங்காய்ப்பால் என்றால் ஒரு தேங்காயைத் துருவி, அரைத்து, முதல் பாலும் இரண்டாம் பாலும் பிழிய வேண்டும். கொதிக்கவிட்டால் திரிந்துவிடும், இளஞ்சூட்டோடு இறக்கி, சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு அப்போதே தீர்த்துவிட வேண்டும். பணியாரத்தில் இனிப்பு மாவுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு கப் மாவுக்கு அரை கப் பொடித்த வெல்லம். பாகு பதம் வேண்டாம், கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் கரைந்தால் போதும். மண் இருக்கும், வடிகட்டிவிட்டு முழுக்க ஆறவைத்துக் கலக்க வேண்டும். சூடாக ஊற்றினால் மாவு அங்கங்கே வெந்து கட்டி தட்டும். வெல்லம் சேர்ந்ததும் மாவு இளகும் என்பதால் இனிப்புக்கு எடுக்கும் பங்கைக் கெட்டியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். நன்கு பழுத்த வாழைப்பழம் ஒன்றைப் பிசைந்து சேர்த்தால் மறுநாளும் மிருதுவாக இருக்கும். வெல்லம் வாங்கும்போது பளிச்சென்ற மஞ்சளைத் தேடாதீர்கள், நிறத்துக்காக ரசாயனம் சேர்த்ததாக இருக்கலாம். கருத்த வெல்லமே மேல். உடன்குடிக் கருப்பட்டி கிடைத்தால் அதில் ஒருமுறை செய்து பாருங்கள், மணமே வேறாக இருக்கும்.

சட்டியைப் பொறுத்தவரை இரண்டுமே வார்ப்பிரும்பில் வாங்குவது நல்லது. புதுச் சட்டியை இரண்டு மூன்று நாள் அரிசி கழுவிய தண்ணீரிலோ கஞ்சியிலோ ஊறவைத்து, கழுவி, நல்லெண்ணெய் தடவிப் பழக்க வேண்டும். கழுவியதும் ஈரம் போகத் துடைத்து எண்ணெய் பூசாவிட்டால் துரு ஏறும். பணியாரச் சட்டிக்கு வேறு உபயோகமும் உண்டு. திருக்கார்த்திகைக்கு நெய்யப்பம் சுடுவது இதில்தான், கேரளத்து உண்ணியப்பமும் இதே மாதிரிக் குழிச்சட்டியில்தான். டென்மார்க்கில்கூடக் கிறிஸ்துமஸ் காலத்தில் ஏப்லெஸ்கிவர் என்று கோதுமை மாவில் உருண்டை உருண்டையாகச் சுட்டு ஜாமோடு சாப்பிடுகிறார்கள். அந்தச் சட்டியைப் பார்த்தால் நம்முடையது என்றே தோன்றும். 

ஆப்பம் தெளிவாக ஜெயிக்கும் இடங்களும் உண்டு. முதலில் எண்ணெய். பழகிய சட்டியில் ஆப்பத்துக்கு எண்ணெய் ஏறக்குறைய தேவையே இல்லை. பணியாரத்துக்குக் குழிக்கு அரை டீஸ்பூனாவது வேண்டும், இனிப்புக்கு நெய் விட்டால்தான் மணம். எண்ணெயைக் குறைக்கச் சொன்னவர்கள் வீட்டில் இருந்தால் இந்த ஒன்றுக்காகவே ஆப்பத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பல் இல்லாத பெரியவர்களுக்கும், இப்போதுதான் சோறு தின்னப் பழகும் குழந்தைக்கும் தேங்காய்ப்பாலில் ஊறிய ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி இதமானது வேறில்லை. வீட்டில் இரண்டே பேர் என்றால் காத்திருக்கும் பிரச்சினையும் பெரிதாக இருக்காது. யாழ்ப்பாணத்து வீடுகளில் நடுவில் கெட்டித் தேங்காய்ப்பால் விட்டுச் சுடும் பாலப்பத்தை நான் சாப்பிட்டிருக்கிறேனே தவிரச் சுட்டதில்லை. முட்டை ஆப்பமும் எங்கள் வீட்டில் செய்வதில்லை. அந்த இரண்டும் கைவந்தவர்கள் ஆப்பத்துக்கு இன்னும் கூடுதல் மதிப்பெண் கொடுக்கக்கூடும்.

பணியாரம் என்று முடிவு செய்தால், காரத்தை முதலில் சுடுங்கள், இனிப்பைக் கடைசிக்கு வையுங்கள். வெல்லம் குழியின் அடியில் பிடித்துக் கருகும். அதற்குப் பிறகு ஊற்றும் காரப் பணியாரம் ஒட்டிக்கொண்டு கம்பிக்குத் திரும்பாது. இனிப்பு ஈட்டுக்குத் தீயைச் சிறிதாக்கி, மூடி போட்டு, கூடுதலாக ஒரு நிமிடம் விட வேண்டும். வெல்லம் மேலே சீக்கிரம் சிவந்துவிடும், உள்ளே மாவு வெந்திருக்காது. குச்சியால் குத்திப் பார்த்து, மாவு ஒட்டாமல் வந்தால் எடுத்துவிடலாம்.