எங்கே போய் அண்ணாந்து பார்ப்பது: ஹான்லே, அட்டகாமா, நமீப்ராண்ட்

இருண்ட வானம் தேடிக் கிளம்புகிறவர்கள் முதலில் பார்ப்பது போர்ட்டில் அளவுகோலைத்தான். ஜான் போர்ட்டில் 2001இல் வகுத்த ஒன்பது படிகள். பெருநகரத்து நடுவானம் ஒன்பதாம் படி, செயற்கை வெளிச்சம் எட்டாத வானம் முதற்படி. லடாக்கின் ஹான்லே, சிலியின் அட்டகாமா பாலைவனம், நமீபியாவின் நமீப்ராண்ட் மூன்றுமே அந்த முதற்படியை ஒட்டியவை. ஆகவே இருட்டை மட்டும் வைத்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. என்னைக் கேட்டால், அட்சரேகையையும் உடம்பு தாங்கும் உயரத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பால்வீதியின் மையம் தனுசு ராசிப் பக்கம், வான நடுக்கோட்டுக்கு (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் ஓடும் கற்பனைக் கோடு) 29 பாகை தெற்கே இருக்கிறது. ஹான்லே இருப்பது வடக்கே ஏறத்தாழ 33 பாகையில். அங்கிருந்து பார்த்தால் அந்த மையம் தொடுவானத்துக்கு மேல் 28 பாகை வரைதான் ஏறும். தெற்கே ஒரு மலை நின்றால் அதிலும் பாதி போய்விடும். நமீப்ராண்ட் தெற்கே 25 பாகை. ஜூன் மாத நடு இரவில் அதே மையம் கிட்டத்தட்ட உச்சிக்கு வந்துவிடும். பால்வீதி ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை தலைக்கு மேலே ஓடும், நடுவிலிருக்கும் கரிய தூசிப் பட்டைகள்கூட வெறுங்கண்ணுக்குத் தெரியும். நம் பால்வீதிக்குத் துணையாக நிற்கும் இரண்டு சிறு விண்மீன் மண்டலங்களான மெகல்லன் மேகங்களோ ஹான்லே வானில் உதிப்பதே இல்லை. தெற்கே போகாமல் அவற்றைப் பார்க்க முடியாது.

ஹான்லேக்கும் தனி வரவு உண்டு. இலையுதிர் கால இரவுகளில் ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம் அங்கே 80 பாகைக்கு மேல் ஏறி நிற்கும். சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தொலைவிலிருந்து வரும் வெளிச்சத்தைக் கருவியே இல்லாமல் பார்க்கலாம். நமீபியாவில் அது வடக்கே தாழ்வாகத்தான் தெரியும்.

உயரம் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு: மேலே போகப் போக நட்சத்திரங்கள் கூடும் என்று. கேமராவுக்கு அது சரி, கண்ணுக்கு அப்படியல்ல. மங்கிய ஒளியை உணரும் விழித்திரைச் செல்கள் பிராணவாயுவை மிகுதியாகக் கேட்பவை. ஹான்லே ஆய்வகம் இருக்கும் 4,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதத்துக்கும் குறைவு. அங்கே இரவுப் பார்வையின் கூர்மை குறையும். ஆய்வகங்கள் உயரம் தேடுவதன் காரணம் வேறு. அட்டகாமாவில் ஆல்மா என்ற ரேடியோ தொலைநோக்கிகளை 5,000 மீட்டரில் நிறுவியது, மில்லிமீட்டர் அலைகளை விழுங்கும் நீராவி அங்கே மிகக் குறைவு என்பதால்.

அட்டகாமா, நமீப் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை, ஒரே வானம். அட்டகாமாவின் சான் பெத்ரோ ஊர் 2,400 மீட்டரில் இருப்பதால் மூச்சு அவ்வளவாகத் திணறாது. ஜனவரி, பிப்ரவரியில் மட்டும் மலைப்பக்கத்து மேகம் வந்து கெடுக்கும். பெரிய ஆய்வகத்தையும் பார்க்க ஆசையென்றால் இங்கேதான் போக வேண்டும்: பரனாலில் 8.2 மீட்டர் ஆடியுள்ள நான்கு தொலைநோக்கிகள் இருக்கின்றன, பகலில் பார்வையாளர்களை விடுகிறார்கள். வானத்துக்காக மட்டும் என்றால் நமீப்ராண்டைத்தான் சொல்வேன். 2012இலேயே இருள்வானக் காப்பகமாக அங்கீகாரம் பெற்ற இடம், அதிக உயரமும் இல்லை, மே முதல் செப்டம்பர் வரை வறண்ட நீண்ட இரவுகள்.

ஆனாலும் மனத்துக்கு நெருக்கம் ஹான்லேதான். 2022 டிசம்பரில் காப்பகமாக அறிவித்தபின், இந்திய வானியற்பியல் நிறுவனம் ஊர்க்காரர்களுக்கே தொலைநோக்கியும் பயிற்சியும் கொடுத்தது. தங்கள் தலைக்கு மேலிருக்கும் வானத்தை அவர்களே வந்தவர்களுக்குக் காட்டுகிறார்கள். இருட்டைக் காப்பதால் அந்த ஊருக்கும் பிழைப்பு கிடைக்க இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை. கேமராவோடு போகிறவர்கள், வடவானத்தை விரும்புகிறவர்கள் தயங்காமல் இதைத் தேர்ந்தெடுக்கலாம். அமாவாசையை ஒட்டிப் போங்கள். 3,500 மீட்டரிலுள்ள லேயில் சில நாள் தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்ட பிறகே மேலே ஏறுங்கள்.