டைவ் கம்ப்யூட்டரா, டேபிள் அட்டையா? இரண்டு சீசன் கையில் கட்டிப் பார்த்த பிறகு

கடலடியில் ஆழத்தையும் நேரத்தையும் கணக்குப் போட மணிக்கட்டில் கட்டுகிற டைவ் கம்ப்யூட்டர் பற்றித்தான் பேச்சு. கம்பெனி பெயர் வேண்டாம். இரண்டு பட்டன், பெரிய எண்கள், கலர் திரை கிடையாது, ஒரு சுமாரான ஸ்மார்ட்போன் விலை. எனக்கு ஊர் கொல்லங்கோடு, டைவ் அடிப்பது திருவனந்தபுரம் பக்கத்துக் கோவளத்தில், மழைக்காலம் முடிந்து கடல் தெளிந்த பிறகு கிடைக்கிற ஞாயிறுகளில். ஸ்கூபா படித்தபோது கொடுத்த, எந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்று அச்சடித்த டேபிள் அட்டை இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கிறவர்களுக்கும், இதை வாங்கிவிட்டோமே, அட்டை பேக்கப்பாகப் பையில் கிடக்கட்டும் என்று நினைக்கிறவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். நான் இரண்டாவது ரகம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பேடி (PADI) என்ற ஸ்கூபா பயிற்சி அமைப்பின் அட்டையில் 18 மீட்டருக்கு 56 நிமிடம், 30 மீட்டருக்கு 20 நிமிடம். அதற்குள் ஏறத் தொடங்கிவிட்டால் உடம்பில் கரைந்த நைட்ரஜனுக்காக வழியில் கட்டாயமாக நிற்க வேண்டியதில்லை. பிரச்சினை என்னவென்றால், 18 மீட்டரை இரண்டே நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு மிச்ச நேரம் முழுக்க எட்டு மீட்டரில் பாறை ஓரமாகச் சுற்றினாலும், அட்டையைப் பொறுத்தவரை நீங்கள் 18 மீட்டரிலேயே குத்தவைத்து உட்கார்ந்திருந்த ஆள்தான். கம்ப்யூட்டர் சில விநாடிக்கு ஒருமுறை அழுத்தத்தை அளந்து உண்மையில் எங்கே இருந்தீர்கள் என்று கணக்குப் போடுகிறது. எங்கள் பக்கத்துப் பாறைகள் மேலும் கீழுமாகத்தான் இருக்கும், அதற்கு அட்டை தோதுப்படாது.

இன்னொன்று, மேலே ஏறும் வேகம். அட்டையோடு நிமிடத்துக்கு 18 மீட்டருக்கு மேல் போகாதே என்று சொல்லிக் கொடுத்தார்கள், கலங்கிய தண்ணீரில் அடியும் தெரியாமல் மேலும் தெரியாமல் தொங்கும்போது அது 18-ஆ 30-ஆ என்று யார் கண்டார்கள்? கம்ப்யூட்டர் நிமிடத்துக்குப் பத்து மீட்டரைத் தாண்டினாலே கத்துகிறது. கத்தும்போது நாலு பேரும் ஒரே நேரத்தில் மணிக்கட்டைப் பார்ப்போம், ஏனென்றால் எல்லோருடையதும் ஒரே மாதிரி கூவும். ஏறும் வழியில் பாதுகாப்புக்காக ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பதற்குத் தானாக எண்ண ஆரம்பிப்பதும் பிடித்திருக்கிறது.

இனி போன ஜனவரிக் கதை. காலையிலேயே பேட்டரிப் படம் மின்னிக்கொண்டிருந்தது, பார்த்துவிட்டு அலட்சியமாக இறங்கினேன், தப்பு என்னுடையதுதான். முதல் டைவில் அதிக ஆழம் 17.4 மீட்டர், ஏறத் தொடங்கும்போது 62 நிமிடம். பெரும்பாலும் எட்டு, ஒன்பது மீட்டரில்தான் இருந்தேன், கடைசிவரை கம்ப்யூட்டர் இன்னும் நேரமிருக்கிறது என்றே காட்டியது. படகில் கட்டஞ்சாயா குடித்து முடிப்பதற்குள் திரை அணைந்துவிட்டது. இரண்டாவது டைவுக்கு முதல் டைவின் கணக்கு வேண்டும். சரி, இதற்குத்தானே அட்டை என்று பையிலிருந்து எடுத்து ஈர விரலால் கோடு பிடித்துப் பார்க்கிறேன். 17.4-ஐ 18 என்று எடுக்க வேண்டும். 18-க்கு 56-உடன் வரிசை முடிகிறது. என் 62-க்குக் கட்டமே இல்லை. அட்டையின் விதிப்படி, எல்லையை ஐந்து நிமிடத்துக்கு மேல் தாண்டியவன் ஐந்து மீட்டரில் 15 நிமிடமாவது நின்றுவிட்டு வந்திருக்க வேண்டும், அப்புறம் 24 மணி நேரம் தண்ணீரில் இறங்கக் கூடாது. அதாவது, ஒரு குறையும் இல்லாமல் முடிந்த டைவ் அட்டைக்கு விபத்து! டைவ் மாஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "இனி நாளெ நோக்காம், சேட்டா" என்று என் சிலிண்டரைத் தள்ளி வைத்துவிட்டார். எல்லோரும் இரண்டாவது டைவ் போக, நான் படகில் வெயில் காய்ந்தேன்.

வீட்டில் சித்தப்பாவிடம் சொன்னால் அவருக்குச் சிரிப்பு. எங்கள் கடற்கரைப் பக்கம் பழைய ஆட்கள் பாரு, அதாவது கடலடிப் பாறைத் திட்டு, இருக்கிற இடத்தைக் கணியம் வைத்துப் பிடிப்பார்கள்: கரையில் தெரியும் சர்ச் கோபுரத்தையும் பின்னால் இருக்கிற மலை முனையையும் ஒரே கோட்டில் கொண்டுவருவது, வேறு பக்கம் இன்னொரு ஜோடி, இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் தூண்டில். இப்போது எல்லாப் படகிலும் ஜிபிஎஸ். சித்தப்பா சொன்னது இவ்வளவுதான்: "போகும்போதே பார்த்துட்டுப் போகணும் மக்கா. ஜிபிஎஸ் செத்த பிறகு மலையைப் பார்த்தா மலைதான் தெரியும்."

என் அட்டைக்கும் அதே கதிதான். முதல் டைவிலிருந்தே அட்டைப்படி இறங்கியவனுக்குத்தான் இரண்டாவது டைவில் அட்டை பேசும். கம்ப்யூட்டரை நம்பி இறங்கிவிட்டு நடுவில் அட்டைக்குத் தாவ முடியாது. உண்மையான பேக்கப் இரண்டாவது கம்ப்யூட்டர், இல்லையென்றால் ஒருநாள் கரையில் உட்காரும் பொறுமை.

அதற்காக அட்டையைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. 1908-இல் ஹால்டேன் என்ற உடலியல் விஞ்ஞானி ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்துப் போட்ட கணக்குதான் இரண்டுக்கும் மூலம். அட்டையில் விரல் வைத்துப் படித்தவனுக்கு, கம்ப்யூட்டர் ஏதாவது கோளாறான எண்ணைக் காட்டினால் உடனே உறுத்தும். முந்தின இரவு குடித்தீர்களா, தூங்கினீர்களா என்பதெல்லாம் இரண்டுக்குமே தெரியாது. கோவளத்திலிருந்து விமான நிலையம் பக்கம்தானே என்று ஞாயிறு இரண்டு டைவ் அடித்துவிட்டு ராத்திரியே சென்னைக்குப் பறக்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. விமானம் ஏறுமுன், ஒரே டைவ் என்றால் 12 மணி நேரம், அதற்கு மேல் என்றால் 18 மணி நேரமாவது பொறுக்கச் சொல்கிறார்கள். கம்ப்யூட்டரில் சின்ன விமானப் படம் வருவது இதற்குத்தான், அழகுக்கு அல்ல.

வாங்குவதென்றால் பேட்டரியை நாமே மாற்றக்கூடிய மாடலாகப் பாருங்கள், என்னுடையது அப்படி இருந்ததால்தான் மறுநாளே மறுபடி இறங்க முடிந்தது. மாற்றும்போது அந்த ரப்பர் வளையத்தில் ஒரு மணல் துகள் இருந்தாலும் தண்ணீர் உள்ளே போய்விடும். வாடகைக்கு எடுப்பதானால் ஆளுக்கு ஒன்று கேளுங்கள், இருவருக்கு ஒன்று என்பது கூடவே கூடாது, இறங்குமுன் அதில் பதிவாகியிருக்கும் முந்தின டைவ்களையும் திறந்து பாருங்கள். ஒருமுறை என் கையில் வந்ததில் அன்று காலை 22 மீட்டர் போய்வந்த யாரோ ஒருவரின் நைட்ரஜன் கணக்கு அப்படியே இருந்தது.