சப்-2000 கார்பைன்: இரண்டாம் தலைமுறையா, மூன்றாம் தலைமுறையா?

அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனமான கெல்-டெக்கின் இந்த மடிப்புக் கார்பைனை (குட்டையான நீள்துப்பாக்கி) வாங்க எண்ணும் அமெரிக்கர்கள், 2015-இல் வந்த இரண்டாம் தலைமுறைக்கும் 2023-இல் வந்த மூன்றாம் தலைமுறைக்கும் இடையே தயங்குவதற்கு முதற்காரணம் மடிப்பு முறைதான்.

மடிப்பு, பழையது: குழல் மேலெழுந்து பின்புறமாகப் படிவதால், மேலே பொருத்திய ரெட் டாட் (சிவப்புப் புள்ளியால் இலக்கைக் காட்டும் குறிநோக்கி) குறுக்கே நிற்கும், மடிக்கும்போதெல்லாம் அதைக் கழற்றி, மீண்டும் மாட்டியபின் குறி பிசகியிருக்கிறதா என்று இலக்கில் சுட்டுப் பார்க்கும் வேலை சலிப்பூட்டுவது.
மடிப்பு, புதியது: முன்கைப்பிடியைச் சுழற்றிவிட்டு மடிக்கலாம், ரெட் டாட் கழலாது. என் கணிப்பில், கூடுதல் விலைக்கு இதுவொன்றே போதிய நியாயம்.

விசை (சுட இழுக்கும் ட்ரிகர்), பழையது: கனமாக இழுபடும்.
விசை, புதியது: இலகுவானது.

தோட்டா, பழையது: 9 மி.மீ. மட்டுமன்றி .40 எஸ்&டபிள்யூ வகையிலும் வந்தது.
தோட்டா, புதியது: 9 மி.மீ. வகையில் அறிமுகமானது.

எடை இரண்டிலும் ஏறத்தாழ 2 கிலோதான். சாதாரண புளோபேக் இயக்கமும் (சுட்ட தோட்டாவின் வாயு அழுத்தமே பூட்டைப் பின்தள்ளும் முறை), சட்டம் கேட்கும் 16 அங்குலத்தைச் சற்றே தாண்டிய குழலும் மாறவில்லை.

துப்பாக்கியிலேயே உள்ள இரும்புக் குறிகளே (கண்ணாடியில்லாத சாதாரணக் குறிகள்) போதும் என்பவர் பழையதையும், குறிநோக்கியோடு பையில் மடித்து வைக்க விரும்புபவர் புதியதையும் வாங்கலாம்.