செவ்வாய்க்கிழமை சலூன் பேக்கேஜ்: 5,900 ரூபா போச்சு, பெங்களூர் ஆளுங்க உஷார்

பெங்களூர்ல இருக்கிறவங்க தயவுசெஞ்சு முழுசா படிங்க. இப்பதான் ஒரு பெரிய ஏசி சலூன்ல சண்டை போட்டுட்டு வந்து உக்காந்திருக்கேன், இன்னும் கோவம் அடங்கல. 5,900 ரூபா. முடிவெட்டப் போன இடத்துல 5,900 ரூபா வாங்கிட்டு, இப்ப போய்க் கேட்டா "அது எங்க அக்கவுண்டுக்கே வரல சார்"னு கூசாம சொல்றாங்க.

நான் எப்பவும் முடிவெட்டிக்கிறது அல்சூர் மார்க்கெட் பக்கம் ஒரு சந்துல மாடியில இருக்கிற கடை. ரெண்டே சேர், ஒரு ஃபேன், ஏசி கிடையாது, 150 ரூபா. முடிவெட்டுற அண்ணனுக்கு அறுபதுக்கு மேல இருக்கும், ஆம்பூர் பக்கத்துக்காரர், அதிகம் பேச மாட்டார். எனக்கு ரெட்டைச் சுழி. ரெட்டைச் சுழி இருக்கிறவங்களுக்கு இதோட கஷ்டம் தெரியும், உச்சியில கொஞ்சம் ஜாஸ்தி எடுத்துட்டா முடி ரெண்டு பக்கமும் சிலிர்த்துக்கிட்டு நிக்கும், தண்ணி போட்டாலும் எண்ணெய் வச்சாலும் படியாது. அண்ணன் அந்த எடத்துல மிஷினையே வைக்க மாட்டார். சீப்பைச் சாய்ச்சுப் பிடிச்சு, முடி சுத்துற பக்கமாவே கத்திரியால கொஞ்சம் கொஞ்சமா எடுப்பார், சுத்தி குட்டையா வெட்டிட்டு சுழி மேல மட்டும் ஒரு விரக்கடை விட்டுருவார். கழுத்துக்கு வரும்போது புது பிளேடை பேப்பரோடயே ரெண்டா ஒடச்சு, பாதியை நம்ம கண்ணு முன்னாடி கத்தியில மாட்டி, காதுக்குப் பின்னாடி ஒரே இழுப்பு, அப்புறம் படிகாரம். இதுக்குத்தான் 150 ரூபா. இந்த வேலையை அந்த ஏசி கடையில ஒருத்தரும் செய்யல, அதையும் சொல்றேன்.

அக்கா பொண்ணுக்கு வேலூர்ல புதன்கிழமை நிச்சயதார்த்தம், நான் தாய்மாமன், முன்னாடி நிக்கணும். ஆபீஸ்ல விடாம வேலை, செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் நேரம் கிடைச்சுது. பெங்களூர்ல செவ்வாய்க்கிழமைன்னா நம்ம ஏரியா முடிவெட்டுற கடை எல்லாம் லீவுன்னு உங்களுக்கே தெரியும். அன்னைக்குத் தொறந்திருக்கிறது இந்த பெரிய பெரிய கம்பெனி சலூன்தான். இந்திராநகர்ல சிஎம்ஹெச் ரோடு பக்கம் ஒண்ணு, கண்ணாடிக் கதவு, ஆம்பளைங்க பொம்பளைங்க ரெண்டு பேருக்கும், ஊர் பூரா பிராஞ்ச். பேர் போடாதேன்னு வீட்ல சொல்லிட்டாங்க, அதனால போடல.

உள்ள போனதும் கவுண்டர்ல இருந்த பையன் கன்னடத்துல பேசினான், நான் பதில் சொன்ன விதத்துலயே கண்டுபிடிச்சுட்டு "அண்ணா தமிழா? நான் திருப்பத்தூர்ண்ணா"ன்னான். அவ்வளவுதான், காபி வந்துது, எந்த ஊரு, எத்தனை பசங்க, நாளைக்கு என்ன விசேஷம், எல்லாம் விசாரிச்சான். தாய்மாமன்னு சொன்னதும் "அப்ப உங்களுக்குத்தாண்ணா முதல் மரியாதை"ன்னு சிரிச்சான். அப்பாவுக்கு முட்டி வலி, அல்சூர் கடைக்கு மாடிப்படி ஏற முடியலைன்னு பேச்சுவாக்குல சொன்னேன். அதை அப்படியே பிடிச்சுக்கிட்டான். "இங்க லிஃப்ட் இருக்குண்ணா, சேர் சாயும், அப்பாவைக் கூட்டிட்டு வாங்க, நானே பக்கத்துல நின்னு பாத்துக்கறேன். ஒரு தடவை வெட்ட 499 ஆகும், நீங்க 5,000 கட்டினா வாலட்ல 8,000 ஏத்தி விடறேன், ஒரு வருஷம், வீட்ல யார் வேணா வரலாம், நம்ம ஊர்க்காரர்ங்கிறதால சொல்றேன், ஆஃபர் இன்னைக்கோட முடியுது." 5,000, அதுக்கு 18 பர்சண்ட் ஜிஎஸ்டி 900, மொத்தம் 5,900. கவுண்டர்ல அவங்க லோகோ போட்ட ஸ்டாண்டு, அதுல க்யூஆர், அதை அவனே என் பக்கம் திருப்பி வச்சான். கட்டினேன். "மெம்பர்ஷிப் கார்டும் பில்லும் வாட்ஸ்அப்ல வந்துரும்ணா, சர்வர் ஸ்லோ."

வெட்டினது வேற ஒரு பையன், காதுல இயர்போன். "ரெட்டைச் சுழி, மேல மிஷின் வேணாம்"னு சொன்னேன், "ஓகே சார்"னு சொல்லிட்டு ரெண்டு நிமிஷத்துல நேரா உச்சியிலயே மிஷினை ஓட்டிட்டான். நிச்சயதார்த்த போட்டோ எல்லாத்துலயும் என் மண்டையில முடி குத்திக்கிட்டு நிக்குது. அது போகட்டும், முடி வளரும், 5,900 ரூபா வளருமா?

வேலூர்ல இருந்து வந்தும் கார்டு வரல, பில்லும் வரல. மெசேஜ் போட்டேன், "அப்டேட் ஆயிட்டிருக்குண்ணா". திரும்ப போட்டேன், "மேனேஜர் லீவுண்ணா, வந்ததும் பண்ணிடறேன்". அப்புறம் ப்ளூ டிக் விழும், பதில் வராது. அதுக்கப்புறம் டிக்கும் இல்ல. கடை நம்பருக்குக் கூப்ட்டா ஒரு பொண்ணு எடுத்து "செக் பண்ணிட்டு கால் பேக் பண்றோம் சார்"னு வைப்பாங்க, ஒரு தடவை கூட திரும்பக் கூப்ட்டது கிடையாது.

இன்னைக்கு நேராவே அப்பாவைக் கூட்டிட்டுப் போயிட்டேன். கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்துட்டு "உங்க நம்பர்ல மெம்பர்ஷிப் எதுவும் இல்லையே சார்". பேமெண்ட் ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டினேன். மேனேஜர் வந்தாரு, போனை வாங்கி பெருசு பண்ணிப் பாத்துட்டு, "இது எங்க கம்பெனி அக்கவுண்ட் இல்ல சார், அந்த ஸ்டாஃபோட சொந்த க்யூஆர், அவர் வேலையை விட்டுப் போயிட்டார், நீங்க பேர் பாத்துட்டுல்ல கட்டணும்"னாரு. உங்க கடை, உங்க கவுண்டர், உங்க லோகோ ஒட்டின ஸ்டாண்டு, உங்க யூனிஃபார்ம் போட்டவன், அதுல யார் பேர் வருதுன்னு பாக்க வேண்டியது நானா நீங்களா? அதுக்கு "ஹெட் ஆபீஸுக்கு மெயில் போடுங்க". அங்க நின்னுக்கிட்டே மெயில் போட்டேன், உங்கள் கருத்துக்கு நன்றின்னு மெஷின் பதில் வந்துது. கருத்தா சொன்னேன் நான்? அப்பா முட்டியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு, அந்த மேனேஜர் கேக்கறாரு, "வந்தது வந்துட்டீங்க, அப்பாவுக்கு வெட்டிரலாமா சார், 499 தான்". என்ன நெஞ்சழுத்தம்! அப்பாதான் "வாடா போலாம்"னு கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தாரு.

இன்னொண்ணு ஆட்டோவுல வரும்போது தம்பி போன்ல சொன்னான். சலூனுக்கு ஜிஎஸ்டி 18 பர்சண்டே இப்ப கிடையாது. 2025 செப்டம்பர் 22ல இருந்து 5 பர்சண்ட்தான். அப்ப 5,000க்கு 250தான் வரணும், 900 எப்படி வந்துது? பில்லே இல்லாம, ஒருத்தனோட சொந்த அக்கவுண்டுக்கு, ஜிஎஸ்டின்னு பேர் வச்சு 900. இப்படி எத்தனை பேர்கிட்ட வாங்கியிருக்காங்களோ. பேங்க்ல கூப்ட்டுக் கேட்டா "நீங்களே பின் போட்டு அனுப்பினது சார், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது"ன்னுட்டாங்க.

நடுவுல அல்சூர் அண்ணன்கிட்ட போயிருந்தேன், அதைச் சொல்லியே ஆகணும். தலையை ஒரு தடவை திருப்பிப் பாத்தாரு, "யாரு தம்பி சுழி மேல மிஷின் ஓட்டினது?" அவ்வளவுதான் கேட்டாரு. இப்ப மேல கை வச்சா இன்னும் கெட்டுரும், ஒரு மாசம் வளரட்டும்னு சைடு மட்டும் சரி பண்ணி, கழுத்தை வழிச்சு விட்டாரு. காசு குடுத்தேன், "முழுசா வெட்டினப்புறம் வாங்கிக்கறேன்"னு கையை மடக்கிட்டாரு. 150 ரூபா வாங்கத் தயங்குற மனுஷன் அவரு, 5,900 ரூபாயை வாயில போட்டுக்கிட்டு மெயில் போடச் சொல்றவங்க இவங்க.

சரி, என்ன பண்ணணும்னு விவரமா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், இருக்கிற கோவத்துல முடியல, முக்கியமானது மட்டும். ஸ்கேன் பண்ணதும் ஸ்க்ரீன்ல வர்ற பேர் கடை பேரா இல்லாம ஆள் பேரா இருந்தா காசு கட்டாதீங்க, லோகோ இருந்தாலும் சரி. பில்லு கையில வராம கடையை விட்டு எறங்காதீங்க, ஜிஎஸ்டி வாங்கினா அதுல ஜிஎஸ்டி நம்பரும் 5 பர்சண்டும் இருக்கான்னு பாருங்க. முடிவெட்டுக்கு மொத்தமா முன்பணம் யாருக்கும் குடுக்காதீங்க, வெட்டினதுக்கு மட்டும் காசு. தமிழ்ல பேசறான், நம்ம ஊருன்னு சொல்றான்னு எல்லாம் இளகாதீங்க. பணம் போயிருந்தா உடனே சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க, கடை மேல புகார்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915. நுகர்வோர் கோர்ட்ல 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, நம்ம இருக்கிற ஊர்லயே போடலாம், நான் போடத்தான் போறேன்.

சிஎம்ஹெச் ரோடு பக்கம் இதே மாதிரி வாலட்டுன்னு யாராவது கட்டியிருந்தா இன்னைக்கே உங்க யுபிஐ ஹிஸ்டரியில பேரைப் பாருங்க. அவங்க பண்ண வாட்ஸ்அப் மெசேஜை டிலீட் பண்ணிராதீங்க, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுட்டு எனக்குச் சொல்லுங்க, சேந்தே கம்ப்ளைண்ட் குடுக்கலாம்.