சத்தமே வரக்கூடாத அரங்கில் சோனி ஏ7 மார்க் 3

கல்யாணத்துக்கு இந்தக் கேமரா தாங்குமா என்று கேட்பவர்களுக்கு யூடியூபில் ஏகப்பட்ட வீடியோ இருக்கிறது. நான் எழுதுவது வேறு மாதிரி வேலையைப் பற்றி. போன மாதம் கோவையில் ஒரு நாள் கருத்தரங்கு. பிரசவத்தில் பெண்களுக்கு ஏற்படும் மனக்காயம், பேறுகாலக் கவனிப்பு, இதுதான் பேச்சு. மகப்பேறு டாக்டர்கள், நர்ஸ்கள், மனநல ஆலோசகர்கள், கூடவே பிள்ளை பெற்ற அம்மாக்கள் பத்துப் பதினைந்து பேர். செகண்ட் ஹேண்டில் வாங்கி மூன்று வருஷமாக வைத்திருக்கும் ஏ7 மார்க் 3, ஒரே ஒரு 85 எம்எம் எஃப் 1.8 லென்ஸ், இவ்வளவுதான் எடுத்துப் போனேன்.

காரணம் சத்தம். பழைய டிஎஸ்எல்ஆரில் கண்ணாடி மேலே போய் விழும் சத்தம் நாதஸ்வரத்துக்கு நடுவே யாருக்கும் கேட்காது. இங்கே கேட்டிருக்கும். பதினோரு மணிவாக்கில் ஒரு அம்மா மேடைக்கு வந்தார். வலியில் கத்தியபோது லேபர் வார்டில் தன்னிடம் சொல்லப்பட்ட ஒரு வாக்கியத்தைச் சொன்னார். நம்மூரில் பிள்ளை பெற்ற பலருக்கும் அந்த வாக்கியம் தெரியும், இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை. மரத்துப்போகவில்லை என்று சொல்லியும் தையல் போட்டார்கள் என்றார். அத்தோடு பேச்சு நின்றுவிட்டது. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் அதன் சுவிட்சைத் தடவிக்கொண்டே நின்றார். ஏசி சத்தம் மட்டும்தான். அந்த அரை நிமிஷத்தில் நான்கு படம் எடுத்தேன், ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. என் மகள் பிறந்த ராத்திரி எனக்கும் ஞாபகம் வந்தது. வியூஃபைண்டரில் கண்ணை வைத்திருந்ததால் என் முகம் யாருக்கும் தெரியவில்லை.

இந்தக் கேமராவில் சத்தமே இல்லாமல் எடுக்க சைலண்ட் ஷூட்டிங் என்று ஒரு மோடு உண்டு. அதை ஆன் செய்தால் மட்டும் போதாது. இருட்டில் ஃபோகஸுக்காக எரியும் ஆரஞ்சு விளக்கை மெனுவுக்குள் போய்த் தனியாக அணைக்க வேண்டும். அழுதுகொண்டிருப்பவர் முகத்தில் அந்த வெளிச்சம் விழுந்தால் க்ளிக் சத்தத்தைவிட மோசம். இந்த மோடில் பிளாஷ் வேலை செய்யாது, ஆனால் அந்த இடத்தில் பிளாஷ் அடிக்க யாருக்குக் கை வரும்? அதற்குப் பதிலாக ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை வாங்கும் திறனை, 6400 வரை தைரியமாக ஏற்றினேன். படம் பிரிண்ட்டுக்கே தாங்கும்.

சிக்கல் எல்இடி விளக்கில் வந்தது. காலையில் ஷட்டர் வேகத்தை 1/250 நொடியில் வைத்திருந்தேன், முதல் இருபது படத்திலும் குறுக்கே பட்டை பட்டையாக நிழல். சைலண்ட் மோடில் வேலை செய்வது எலக்ட்ரானிக் ஷட்டர், சென்சாரை வரிவரியாகப் படிக்கும் எந்த எலக்ட்ரானிக் ஷட்டரிலும் இது வரும். நம்மூர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கு நொடிக்கு நூறு முறை துடிக்கிறது. 1/100க்கு இறக்கியதும் பட்டை போய்விட்டது. ப்ரொஜெக்டர் திரை அதற்கும் மசியவில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன் என்று ஒரு ஸ்லைடு. அந்த எண் மேலேயே வானவில் கோடு. பேச்சாளர் மாறும்வரை காத்திருந்து, கைதட்டும்போது சத்தம் வரும் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி எடுத்தேன். கைதட்டும் படங்களுக்கும் மெக்கானிக்கல்தான் சரி, சைலண்ட்டில் வேகமாக அசையும் கை வளைந்து விழும்.

லென்ஸ் 371 கிராம்தான், நாள் முழுக்கத் தூக்கலாம். மேடையிலிருந்து நான்கு வரிசை தள்ளியே நிற்க முடிந்தது. ஆனால் 80 சென்டிமீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாது. அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணையை அனுமதிக்கும் ஏற்பாடு இங்கே 2004லேயே வந்ததைப் பற்றிப் பேசிய ஓய்வுபெற்ற நர்ஸம்மா, இறங்கி வந்து அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்திலேயே இருந்தேன். பின்னால் நகர்ந்து ஃபோகஸ் பிடிப்பதற்குள் கையை எடுத்துவிட்டார்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். க்ளிக் சத்தம் கேட்டால் பிடிக்காதவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். இந்தக் கேமராவில் எடுப்பதே தெரியாது. அங்கே வந்த பெண்களின் காயமே, தங்களைக் கேட்காமல் தங்கள் உடம்பில் செய்யப்பட்டவைதான். அதனால் முன்கூட்டியே நடத்துபவர்களிடம் சொல்லி, படம் வேண்டாம் என்பவர்களுக்குச் சிவப்பு நாடாவில் அடையாள அட்டை கொடுக்க வைத்தேன். காலையில் மைக்கில் நானே என்னை அறிமுகம் செய்துகொண்டு, சத்தம் வராமல் எடுப்பேன் என்பதையும் சொன்னேன். இதைச் செய்ய முடியாத இடத்தில் சைலண்ட் மோடைத் தொடவே கூடாது என்பது என் கட்சி.

சாப்பாட்டு நேரத்தில் மேடையில் நின்றுபோன அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாப் படத்தையும் காட்டினேன். அழும் படத்தைத்தான் வேண்டாம் என்பார் என்று நினைத்திருந்தேன். அதை வைத்துக்கொள்ளச் சொன்னார். பேசி முடித்துச் சிரித்த படத்தில் நிறுத்தி, "இது சும்மா சமாளிச்சுச் சிரிச்சதுங்க்கா, இது வேண்டாம்" என்றார். அழிக்கும் பட்டனைக் காட்டினேன், அவரே அழுத்தினார்.

காலை ஒன்பதிலிருந்து ஐந்து மணிவரை கிட்டத்தட்ட அறுநூறு படம், ஒரே பேட்டரி. இந்த மாதிரி வேலைக்கு வாங்குபவர்களுக்குத் தாராளமாகச் சொல்வேன். கூடவே கிட்ட ஃபோகஸ் ஆகும் 35 எம்எம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை நானும் கொண்டுபோவேன்.