சுளுக்குக் கட்டு, பெயரில்லாப் பொடி: காரைக்குடிப் பக்கம் இருப்பவர்கள் கவனிக்கவும்

காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில் ஓர் ஆச்சி. பட்டாலை என்னும் மேட்டுக் கூடத்திலிருந்து வளவு முற்றத்தில் இறங்கும்போது ஈரத்தில் வழுக்கி, பாதம் உள்பக்கமாக மடங்கிவிட்டது. வீட்டார் அழைத்துப் போனது சுளுக்குக்குப் பேர்போன கட்டுக்காரரிடம். “எலும்பு விலகியிருக்கு ஆச்சி, ஆஸ்பத்திரிக்குப் போனா ஆபரேசன்னுதான் சொல்லுவாங்க” என்றவர், காலைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துப் பத்துப் போட்டு, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார். ஒரு பாட்டில் எண்ணெய், காகிதத்தில் மடித்த பொடி. மொத்தம் 3,500 ரூபாய், ரசீது கிடையாது. மறுநாள் விரல்கள் மரத்து நீலம் பாய்ந்தன. போனில் கேட்டதற்கு, “கட்டு வேலை செய்யுது, அப்படித்தான் இருக்கும்” என்று பதில். கடைசியில் கட்டை வெட்டி எடுத்தபோது தோல் கொப்பளித்திருந்தது. எக்ஸ்ரேயில் வெளிக்கணு எலும்பின் நுனியில் விரிசல். எலும்பு விலகவே இல்லை.

அடிபட்ட கால் முதல் இரண்டு நாள் வீங்கிக்கொண்டே போகும். உளுந்துப் பத்தோ காயக்காய இறுகும், இம்மிகூட விட்டுக்கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறினால் தசைக்கும் நரம்புக்கும் ரத்தம் போகாது. காலையே இழந்தவர்கள் உண்டு. கட்டுப் போட்ட பிறகு வலி குறையாமல் ஏறுகிறதா, விரலை அடுத்தவர் மெல்ல மேலே வளைத்தாலே உயிர் போகிறதா, நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்பவில்லையா? இதில் ஒன்று இருந்தாலும் கட்டை உடனே வெட்டுங்கள், நடுராத்திரியானாலும் சரி. வெட்டிவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள். கட்டியவரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

எக்ஸ்ரே வேண்டுமா என்று பார்க்க, 1992இல் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் ஒரு முறை வகுத்தார்கள். கணுவின் இரு பக்கமும் துருத்தும் எலும்பின் நுனியையும், அதன் பின்விளிம்பில் மேல்நோக்கி 6 செ.மீ. வரையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். பாதத்தின் வெளியோரத்தில் நடுவே முட்டிக்கொண்டிருக்கும் எலும்பையும், உள்பக்கம் கணுவுக்குச் சற்று முன்னால் உள்ள எலும்பையும் அழுத்துங்கள். எலும்பின் மேலேயே வலித்தாலோ, விழுந்த உடனும் இப்போதும் நான்கு எட்டு வைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். சர்க்கரையால் பாதம் மரத்தவர்களிடம் இந்தச் சோதனையை நம்ப முடியாது. எலும்பு உடைந்தாலும் அவர்களுக்கு அவ்வளவாக வலிக்காது. எக்ஸ்ரேக்குக் காரைக்குடி அரசு மருத்துவமனைக்கே போகலாம். முதல் நாளே எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிற இடமும் வேறு வகைக் கறப்புதான். சாதாரணச் சுளுக்குக்கு அப்போது அது தேவைப்படுவது அபூர்வம்.

எலும்பு சரியாக இருந்தால் மிச்சம் வீட்டு வேலை. முதலில் மெட்டி, கொலுசைக் கழற்றுங்கள்; வீங்கிய பின் கழற்றுவது பெரும்பாடு. ஐஸைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம், இரண்டு மூன்று மணிக்கொரு தரம் வையுங்கள். 10 செ.மீ. அகலக் கிரேப் பேண்டேஜை விரலடியிலிருந்து மேல்நோக்கி, ஒரு சுற்றின் பாதியை அடுத்த சுற்று மூடும்படி சுற்றுங்கள், தூங்கும்போது அவிழ்த்துவிடுங்கள். காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைக்க வேண்டும், முக்காலி உயரம் போதாது. முதல் மூன்று நாள் வெந்நீர் ஒத்தடமும் எண்ணெய் போட்டு நீவுவதும் வேண்டாம். கிழிந்த இடத்தில் ரத்தக் கசிவு கூடும். அதன்பின் வலி பொறுக்குமளவு பாதத்தை மேலும் கீழும் ஆட்டி, ஊன்றி நடந்து பழகுங்கள். லேசான சுளுக்கு ஒன்று முதல் மூன்று வாரத்தில் அடங்கும். மாதக்கணக்கில் கட்டிப்போட்ட கால் விறைத்துப்போய், அதற்கும் அதே ஆளிடம் எண்ணெய் வாங்க வேண்டிவரும். வியாபாரமே அதில்தான் இருக்கிறது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடப்பவர்கள், ஒற்றைக்காலில் 30 நொடி தடுமாறாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அடியே படாமல் ராத்திரியில் கணு சிவந்து சுடுவது சுளுக்கல்ல. யூரிக் அமிலம் மூட்டில் படிந்ததாக இருக்கலாம், மூட்டில் கிருமியாக இருக்கலாம். காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

இனி அந்தப் பொடி. முறையான சித்த மருந்தில் உரிம எண், தயாரிப்புத் தொகுதி எண், சரக்குகளின் பெயர் எல்லாம் அச்சாகியிருக்கும். காகிதப் பொட்டலத்தில் ஒன்றும் இராது. இப்படிப்பட்ட பொடிகளில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துக் கலப்பது பழைய தந்திரம். ஒரே நாளில் வலி பறந்து, பசி கூடி, முகம் உப்பி, சர்க்கரை எகிறினால் சந்தேகப்படுங்கள். மிச்சப் பொடியைக் குப்பையில் போடாமல் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் கொடுங்கள், 1915 நுகர்வோர் எண்ணிலும் சொல்லலாம். வாரக்கணக்கில் சாப்பிட்டவர்கள் பயந்துபோய் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழ வாய்ப்புண்டு. பொட்டலத்தோடு டாக்டரிடம் போனால், எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று சொல்வார்.